ஓய்வு பெற்றவர் அடுப்படிக்கும் வரட்டும்

ஓய்வு பெற்றவர்கள் பொழுதை எப்படிக் கழிப்பது என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. நடைப்பயிற்சி போங்கள், யோகா கற்றுக்கொள்ளுங்கள், காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வாருங்கள், மாடியில் தோட்டம் போடுங்கள், நூலகத்தில் உட்காருங்கள் என்கிறார்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் சாம்பார் வைப்பதும் பாத்திரம் துலக்குவதும் இந்தப் பட்டியல்களில் இடம்பெற்றுப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற ஆண், வீட்டு வேலையில் சரிபாதியை ஏற்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. மனைவிக்குக் காட்டும் சலுகையாக இதைச் செய்யத் தேவையில்லை. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த கடமை என்று எண்ணிச் செய்தால் போதும்.

கணவர் அலுவலகம் போய்வந்த காலத்தில் அந்த வீட்டின் பகல் வேறு மாதிரி இருந்தது. எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் மாலை வரை அடுப்படியில் பெரிய வேலை கிடையாது. காலையில் வைத்த குழம்பையே மதியமும் ஊற்றிச் சாப்பிட்டு, ஒரு சீரியல் பார்த்து, அரை மணி கண்ணயர்ந்து எழுவார் அந்த அம்மாள். கணவர் ஓய்வு பெற்ற மறுநாளே அதற்கு முடிவு வந்துவிடுகிறது. பத்தரைக்கு இரண்டாவது காபி. ஒரு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு, அப்பளம் அப்போதுதான் பொரித்ததாக இருக்க வேண்டும். நாலு மணிக்குக் கொறிக்க ஏதாவது. பழைய சகாக்கள் இருவர் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் டிகாக்‌ஷன் இறக்க வேண்டும். ரிமோட்டும் கை மாறிவிட்டது, சீரியல் நேரத்தில் அரசியல் விவாதம் ஓடுகிறது. ஒருவர் ஓய்வு பெற்றதில் இன்னொருவருக்கு வேலை கூடியிருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை.

மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடங்கள். வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்த சராசரி இது. கை வைக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். 2019-இல் ஆண்களின் நேரம் 97 நிமிடங்களாக இருந்தது. ஐந்தாண்டில் அதுவும் குறைந்திருக்கிறது.

தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. அடுப்படி வேலைக்கு எந்த அரசாணையும் வயது குறித்ததில்லை. ஆசிரியையாகவும் செவிலியராகவும் இருந்து ஓய்வு பெறும் பெண்களுக்கோ, செய்துவந்த இரண்டு வேலைகளில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். காலியான அந்த நேரத்துக்கும் பெங்களூரிலோ டாலஸிலோ இருக்கும் பேரக்குழந்தை காத்திருக்கிறது.

வீட்டில் உழைப்பதும் உழைப்புதான் என்பதைச் சட்டம் மெல்ல ஏற்கத் தொடங்கிவிட்டது. கணவர் சவூதியில் சம்பாதித்துச் சேர்த்த சொத்தில், ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு அரசு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. நீதிமன்றமும் கோட்டையும் ஒப்புக்கொண்டதை வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதெல்லாம் ஓய்வு என்ற ஒன்று வாய்த்தவர்களைப் பற்றிய பேச்சு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் நிர்ணயித்த 1,000 ரூபாய். அதை நம்பி வாழ முடியாமல் அறுபதுக்குப் பிறகும் ஏ.டி.எம். வாசலில் காவலாளியாக நிற்பவரிடம் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச நமக்கு நாக்கு எழாது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

‘இத்தனை வருஷம் உழைத்தவர், இனியாவது நிம்மதியாக இருக்கட்டுமே’ என்பார்கள். இருக்கட்டும். அவரோடு அதே வருஷங்கள் உழைத்தவருக்கும் அந்த நிம்மதி வேண்டாமா? ‘அவருக்குச் சமையல் தெரியாதே’ என்பது அடுத்த வாதம். வெள்ள நிவாரணத்தையும் தேர்தல் பணியையும் தூக்கி நிறுத்திய வட்டாட்சியருக்கும், நாற்பது பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா புரியவைத்த ஆசிரியருக்கும் புளி கரைக்கவா வராது? வராமல் இல்லை, கற்றுக்கொள்ள வேண்டிய நெருக்கடி இதுவரை வந்ததில்லை.

அந்த நெருக்கடி ஒருநாள் வரும். எழுபத்தைந்து வயதில் மனைவியை இழந்து, தனக்கென்று ஒரு காபி போட்டுக்கொள்ளத் தெரியாத ஒரே காரணத்தால், சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு மூத்த மகன் வீட்டில் ஆறு மாதம், இளையவன் வீட்டில் ஆறு மாதம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலையும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஓய்வூதியம் கணக்கில் தவறாமல் ஏறும், நோய் நொடியும் பெரிதாக இருக்காது. சோறு வடிக்கத் தெரியாததுதான் அவரை இன்னொருவர் தயவில் நிறுத்திவிடுகிறது.

அடுப்படிக்கு வருகிற சிலர் ஆய்வு அதிகாரியாக வருகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பருப்பு டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுவது, சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று நோட்டுப் போடுவது, கொத்தமல்லி ஏன் வாடியது என்று விளக்கம் கேட்பது. இதற்கு அவர் திண்ணையிலேயே இருந்துவிடலாம். வேண்டியது மேற்பார்வை இல்லை, வேலை. காலைக் காபி என் பொறுப்பு, கிரைண்டரில் மாவு அரைத்துக் கழுவி வைப்பது என் பொறுப்பு, வாரத்தில் மூன்று நாள் மதியச் சமையல் என் பொறுப்பு என்று முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். காய் நறுக்கித் தந்துவிட்டு, தோலை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போவதை உதவி என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

மத்திய அரசின் ஓய்வூதியத் துறை, ஓய்வு பெறவிருக்கும் ஊழியர்களுக்கு முன்கூட்டியே ஆலோசனைப் பயிலரங்குகள் நடத்துகிறது. படிவங்கள், வருமான வரி, முதலீடு, மருத்துவ வசதி என்று அவற்றில் சொல்லித்தருகிறார்கள். மாநில அரசும், வங்கிகளும், பெரிய தொழில் நிறுவனங்களும் இப்படிப்பட்ட பயிலரங்கை ஓய்வுக்கு ஓராண்டு முன்பே நடத்த வேண்டும். ஊழியரின் வாழ்க்கைத் துணையையும் அதற்கு அழைக்க வேண்டும். பணிக்கொடைக் கணக்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மறுநாளிலிருந்து வீட்டில் யார் எதைச் செய்வது என்று இருவரும் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். இதற்குப் புதிதாக நிதி ஒதுக்கவோ சட்டம் திருத்தவோ தேவையில்லை, துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. முதல் மாதம் சாம்பாரில் உப்பு கரிக்கும், பால் பொங்கி மேடையெல்லாம் வழியும். ‘நீங்க நகருங்க, நானே பார்த்துக்கறேன்’ என்று மட்டும் கரண்டியைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.