பொய் சொல்வது மனிதனா, மெஷினா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இண்டர்நெட்டில் இலவச புரோகிராம்களைத் தேடும்போது, பொய்யைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்களும் கண்ணில் படும். நண்பர்களோடு விளையாடிச் சிரிக்க அவை போதும். ஆனால் வேலைக்கு விண்ணப்பித்தவரையும் அலுவலக ஊழியரையும் இப்படி ஒரு மெஷின் முன் உட்கார வைப்பது விளையாட்டல்ல. அது கூடாது என்பது என் கருத்து.

பாலிகிராஃப் எனப்படும் பொய் கண்டறியும் கருவி என்ன செய்கிறது? கேள்வி கேட்கும்போது மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தோலில் சுரக்கும் வியர்வை ஆகியவற்றை அளந்து கோடுகளாகக் காட்டுகிறது. அவ்வளவுதான். பொய்க்கென்று உடலில் தனி அடையாளம் எதுவும் இல்லை. கருவி காட்டுவது பதற்றத்தை. அதைப் பொய் என்று முடிவு செய்வது பக்கத்தில் இருக்கும் மனிதர். இண்டர்வியூவுக்குப் போன எவருக்கும் உள்ளங்கை வியர்க்கும். எனக்கும் வியர்த்திருக்கிறது. நான் கொடுத்த மார்க் ஷீட்டோ உண்மையானது!

"நேர்மையானவர் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் ஓர் உதாரணம் தந்தது. ஓரிடத்தில் 10,000 ஊழியர்கள். அதில் 10 பேர் ஒற்றர்கள். 80 சதவீத ஒற்றர்களைப் பிடிக்கும்படி சோதனையை அமைத்தால் 8 பேர் சிக்குவார்கள், 2 பேர் தப்பிவிடுவார்கள். அந்த 8 பேரோடு 1,598 நிரபராதிகளும் மாட்டுவார்கள். அதாவது ஒரு குற்றவாளிக்கு சுமார் 200 நல்லவர்கள்!

உங்கள் ஆன்ட்டி வைரஸ் புரோகிராமும் சில சமயம் நல்ல ஃபைலை வைரஸ் என்று தவறாகச் சொல்லும். பரவாயில்லை, ஒதுக்கி வைத்த ஃபைலை ஒரு கிளிக்கில் திரும்பப் பெறலாம். 'பொய்யர்' என்று ஒதுக்கப்பட்டவரின் பெயரை எந்த கிளிக் மீட்டுத் தரும்?

சரி, உண்மையான திருடனாவது சிக்குவானா? சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், சோவியத் உளவுத்துறைக்கு ரகசியங்களை விற்றுவந்த காலத்தில் 1986-லும் 1991-லும் பாலிகிராஃப் சோதனையில் தேறினார். 1994-ல்தான் கைதானார்.

இந்தச் சோதனை அதிகம் பரவிய அமெரிக்காவிலேயே 1988-ல் இதற்கெதிராகச் சட்டம் வந்தது. பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் ஊழியர்களையோ விண்ணப்பதாரர்களையோ இப்படிச் சோதிக்க முடியாது. அரசு அலுவலகங்கள், சில பாதுகாப்பு மற்றும் மருந்து நிறுவனங்கள், திருட்டு விசாரணை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் நாட்டில் 2010-ல் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கில் யாரையும் அவர் சம்மதமின்றி இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கொலை வழக்கில் சிக்கியவருக்கே 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை உண்டு. வேலை தேடி வருபவர் 'மாட்டேன்' என்றால் வேலை கிடைக்குமா? அவரிடம் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஒயருக்குப் பதில் கேமரா வந்திருக்கிறது. வீடியோ இண்டர்வியூவில் முகத்தையும் குரலையும் வைத்து ஆளை எடைபோடும் சாஃப்ட்வேர்கள் வந்துவிட்டன. எதிர்ப்பு எழுந்ததால், ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் முகத்தை ஆராய்வதைக் கைவிட்டதாக 2021-ல் அறிவித்தது. பணியிடத்தில் செயற்கை நுண்ணறிவு கொண்டு உணர்ச்சிகளைக் கணிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு காரணங்கள் தவிர, ஐரோப்பிய யூனியன் 2025 பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது. கருவி புதிதாகலாம்; பதற்றத்தைப் பொய்யாக எண்ணும் தவறு பழையதுதான்.

முதலாளிகளின் கவலையும் நியாயமானதே. கல்லாவில் பணம் குறைந்தால் யாருக்கும் கோபம் வரும். அதற்கு வேறு வழிகள் உள்ளன. சான்றிதழ்களைச் சரிபாருங்கள், முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள், சில மாதம் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். எங்கள் சாஃப்ட்வேர் துறையில் யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்று வரையறுக்கிறோம். யார் எப்போது திறந்தார் என்பதும் பதிவாகும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட் அமைப்பதும் இதே முறைதான். இதில் யாரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் திரையில் வருவதெல்லாம் உண்மை என்று நம்புவது புதியவர்களுக்கு இயல்பு. அந்தப் பொய் கண்டுபிடிக்கும் புரோகிராமை இன்ஸ்டால் செய்தால் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ உங்கள் பிள்ளையிடமோ அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.