யூரியா மானியத்தை மாற்றி எழுத வேண்டும்

45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50. 50 கிலோ டிஏபி மூட்டை ரூ.1,350. பொட்டாஷ் அதைவிடவும் கூடுதல். கையிலிருக்கும் காசோடு கடை வாசலில் நிற்கும் குத்தகை விவசாயி எதை வாங்குவார்? யூரியாவைத்தான். வீசிய சில நாட்களிலேயே பயிர் கருகருவென்று எழுந்து நிற்கும். போட்ட காசு கண்ணுக்குத் தெரியும். மண் கெட்டதற்கு விவசாயியின் அறியாமையைக் காரணம் சொல்பவர்கள் இந்த விலைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

2010இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. மற்ற உரங்களின் விலை ஏறியது. யூரியாவின் விலை அரசின் பிடியில் நின்றது. தழை, மணி, சாம்பல் சத்துகளை 4:2:1 என்ற விகிதத்தில் இட வேண்டும் என்பது பொது அளவுகோல். நாடோ பல ஆண்டுகளாகத் தழைச்சத்தின் பக்கமே சாய்ந்து கிடக்கிறது.

தண்ணீர் நிற்கும் வயலில் வீசப்படும் யூரியாவின் தழைச்சத்தில் பெரும்பாலும் பாதியைக்கூட நெற்பயிர் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகக் கிணற்று நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறிய நீர் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடாகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

பயிரும் தப்புவதில்லை. தழைச்சத்து மிஞ்சிய நெல்லின் இலை மென்மையாகிப் புகையான் பூச்சியையும் இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் வரவழைக்கிறது. மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து சாகின்றன. புகையான் முன்பைவிட வேகமாகப் பெருகுகிறது, மறுபடியும் மருந்து. உரத்தில் மிச்சம் பிடித்த காசு பூச்சிமருந்துக் கடைக்குப் போய்ச் சேர்கிறது.

அதற்காக ஒரே உத்தரவில் உரத்தை நிறுத்திவிட முடியாது. 2021இல் இலங்கை அதைத்தான் செய்தது. மாற்று எருவும் பயிற்சியும் இல்லாமல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலைத் தோட்டங்களும் அடி வாங்கின. சில மாதங்களிலேயே அரசு பின்வாங்கியது. மண்ணைக் காக்க நினைப்பவர்கள் அனைவருக்கும் அது கசப்பான பாடம்: மண் மீள்வதற்குப் பல பருவங்கள் பிடிக்கும், அதுவரை விவசாயியின் அடுப்பு எரிய வேண்டும்.

வழிகள் நம் வயல்களிலேயே இருக்கின்றன. தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது, சம்பா அறுவடைக்குச் சற்று முன்பே வயலின் ஈரத்தில் உளுந்து தெளிப்பது, இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தேவைக்கு மட்டும் மேலுரம் இடுவது ஆகியவை டெல்டா விவசாயிகளுக்குப் புதிதல்ல. பசுந்தாள் உர விதை வழங்கும் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் தொடங்கியது நல்ல தொடக்கம். ஆனால், மலிவு யூரியா பக்கத்திலேயே இருக்கும்வரை பசுந்தாள் விதை பையிலேயேதான் கிடக்கும்.

2022-23இல் மத்திய அரசின் உர மானியம் சுமார் ரூ.2.5 லட்சம் கோடி. அந்தப் பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. மூட்டையிலிருந்து ஏக்கருக்கு மாற்றச் சொல்கிறேன். ஏக்கர் கணக்கில் பணம் கையில் வந்தால் யூரியாவா, எருவா, பயறு விதையா என்பதை விவசாயியே முடிவுசெய்வார். பட்டாவை மட்டும் பார்த்துக் கொடுத்தால் உழுபவருக்கு எதுவும் கிடைக்காது. குத்தகைதாரரின் பெயர் பணம் பெறுவோர் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். நெல்லுக்கு இருப்பதுபோல உளுந்துக்கும் சிறுதானியத்துக்கும் ஊர்தோறும் கொள்முதல் வேண்டும்.

யூரியாவைப் படிப்படியாக ஊட்டச்சத்து மானியத்துக்குள் கொண்டுவரும் கால அட்டவணையை மத்திய அரசு அறிவிக்கட்டும். அதை நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெறும் பொறுப்பு தமிழக உறுப்பினர்களுக்கு உண்டு.