வண்டிக்கு வயது வரம்பு, ஓட்டுநருக்கு?

பதினைந்து ஆண்டுகள் ஓடிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் அனைத்தையும் அந்த விதி கட்டுப்படுத்துகிறது. நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் கவச வாகனங்கள் போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பழைய அரசு வாகனங்கள் சாலையிலிருந்து அகற்றப்படும் என்று சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தார். காலாவதியான வாகனங்களை முதலில் அரசே கைவிட வேண்டும் என்பது வரவேற்கத்தக்க முடிவு. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

வண்டிக்கு வயது வரம்பு விதிக்கத் தெரிந்த அரசு, அதை ஓட்டுகிறவரின் வேலை நேரத்துக்கும், பின் இருக்கையில் அமர்ந்து பயணம் செய்கிறவரின் பொறுப்புக்கும் ஏன் வரம்பு விதிக்கவில்லை என்பதுதான் இப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி. பழைய வண்டியை உடைத்துவிட்டுப் புதிய வண்டி வாங்குவது எளிது. அதே களைத்த ஓட்டுநர், அதே அவசரம், அதே அணியப்படாத சீட் பெல்ட் என்று இருந்தால் விபத்து மட்டும் எப்படிக் குறையும்?

சாலை விபத்துகளில் 2022-ம் ஆண்டில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் ஆண்டறிக்கை கூறியது. இவர்களில் 71.2 சதவீதம் பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம். சீட் பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஓட்டுநர்கள் 8,384 பேர், பயணிகள் 8,331 பேர் என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏறத்தாழ சரிபாதிப் பேர் ஓட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள். 2024-ம் ஆண்டுக்குள் விபத்துகளைப் பாதியாகக் குறைப்பது என்று வகுத்த இலக்கு கைகூடவில்லை என்பதையும், விபத்துகள் உண்மையில் அதிகரித்துவிட்டன என்பதையும் 2024 டிசம்பரில் மக்களவையிலேயே அமைச்சர் ஒப்புக்கொண்டார். சர்வதேச மாநாடுகளில் இந்தியாவின் சாலை விபத்துகள் பற்றிப் பேச்சு வரும்போது முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார் அவர். அவரது வெளிப்படையான பேச்சு பாராட்டுக்குரியது. அந்த வெட்கம் அரசின் சொந்த வாகனங்களில் இருந்து தொடங்க வேண்டும்.

அதற்கான சான்றையும் அவரே தந்திருக்கிறார். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் 2022 செப்டம்பர் 4-ம் தேதி உயிரிழந்தார். அவர் பின் இருக்கையில் சீட் பெல்ட் அணியாமல் இருந்தது தெரியவந்தது. அடுத்த சில நாள்களில் தில்லி நிகழ்ச்சி ஒன்றில் பேசிய கட்கரி, நான்கு முதல்வர்களின் கார்களில் தான் பயணம் செய்ததாகவும், பெல்ட் அணியாவிட்டால் எழும் எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காக அந்தக் கார்களில் கிளிப் செருகி வைக்கப்பட்டிருந்ததாகவும் கூறினார். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மாநில அரசின் தலைவர் செல்லும் காரிலேயே, உயிர் காக்கும் கருவியின் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள். சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் எந்த முகத்தோடு சாமானியரிடம் ரூ. 1,000 அபராதம் கேட்பார்?

இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங், 1994 நவம்பரில் பஞ்சாபில் நேரிட்ட கார் விபத்தில் படுகாயமடைந்து டிசம்பர் 25-ம் தேதி காலமானார். தரைவழிப் போக்குவரத்துத் துறையின் இணை அமைச்சராக இருந்த ராஜேஷ் பைலட், 2000-ம் ஆண்டு ஜூனில் ராஜஸ்தானின் தௌசா அருகே சாலை விபத்தில் மாண்டார். தில்லியின் முன்னாள் முதல்வர் சாஹிப் சிங் வர்மா 2007-ம் ஆண்டு ஜூனில் ஜெய்ப்பூர் - தில்லி நெடுஞ்சாலையில் பலியானார். தமிழக அமைச்சராகப் பொறுப்பேற்று ஒரு வாரமே ஆகியிருந்த மரியம் பிச்சை, 2011 மே 23-ம் தேதி திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் அருகே உயிரிழந்தார். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சர் கோபிநாத் முண்டே பதவியேற்ற எட்டாம் நாளான 2014 ஜூன் 3-ம் தேதி, விமான நிலையம் செல்லும் வழியில், தலைநகரின் நடுவிலேயே அரசுக் காரில் விபத்துக்குள்ளாகி மறைந்தார். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை. பின் இருக்கை பெல்ட் அலங்காரத்துக்கானது என்ற தவறான எண்ணத்துக்கு நண்பரைப் பறிகொடுத்துவிட்டதாக அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் வேதனைப்பட்டார். ஒவ்வொரு விபத்தின் காரணமும் வேறாக இருக்கலாம். ஆனால், அரசியல் தலைமை தன் இழப்புகளிலிருந்துகூடப் பாடம் கற்கவில்லை என்பது மட்டும் பொதுவான உண்மை.

அரசு வாகனங்களுக்கு விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசில் 1980-ம் ஆண்டின் அரசுக் கார் விதிகள் இருக்கின்றன. ‘லாக் புக்’ எனப்படும் பயணப் பதிவேட்டில் எங்கு சென்றது, எதற்காகச் சென்றது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பவை எழுதப்பட்டு, பயணம் செய்த அதிகாரியின் கையொப்பமும் பெறப்பட வேண்டும். பெட்ரோல் கணக்கில் ஒரு லிட்டர் குறைந்தாலும் தணிக்கையில் கேள்வி எழும். பிகார் கால்நடைத் தீவன ஊழலில், மாடுகளை ஏற்றிச் சென்றதாகக் கணக்குக் காட்டப்பட்ட வாகனங்கள் சிலவற்றின் பதிவெண்கள் ஸ்கூட்டர்களுக்கு உரியவை என்று கண்டுபிடிக்கப்பட்டதை நாடறியும். பணம் களவு போவதைப் பிடிக்க அரசு பதிவேடுகளை வைத்திருக்கிறது. ஓட்டுநர் முந்தைய இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குச் சென்றார் என்பதை எழுத அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

இந்த நிலையில்தான் வாடகை வாகனங்களின் பெருக்கத்தைப் பார்க்க வேண்டும். அரசு அலுவலகங்களில் நிரந்தர ஓட்டுநர் பணியிடங்களின் இடத்தை ஒப்பந்தக் கார்கள் பிடித்து வருகின்றன. இவை அரசின் ‘ஜெம்’ மின்னணுச் சந்தை மூலம் மாத வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. அங்கு கோரப்படும் தொகுப்புகளில் ஒன்று, மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர், 320 மணி நேரம் என்பது. இதை ஒரே ஓட்டுநர் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், முப்பது நாளும் விடுப்பின்றி உழைத்தாலும் நாளொன்றுக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்றால் 12 மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாசலில் காத்திருக்கும் நேரமும் இதில் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால், அழைப்பு எப்போது வரும் என்று தெரியாமல் காருக்குள் உட்கார்ந்திருப்பது ஓய்வாகிவிடாது.

சட்டம் சொல்வது வேறு. போக்குவரத்து வாகனங்களை ஓட்டுவோரின் வேலை நேரத்தை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவு 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தோடு இணைத்தது. அதன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். மாதக் கணக்கில் இது சுமார் 208 மணி நேரம். 1961-ம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் இணைந்துவிட்டது. எனினும், நாளுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2014-ம் ஆண்டு சாலைப் பாதுகாப்புக் குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. அதே வழக்கில் 2025 ஏப்ரலில், ஓட்டுநர்களின் வேலை நேர வரம்பை நடைமுறைப்படுத்த மாநிலங்களோடு கலந்து பேசுமாறு மத்திய அரசுக்கு அது உத்தரவிட்டது. தனியார் லாரி உரிமையாளரிடம் எட்டு மணி நேரக் கணக்குக் கேட்கப்போகும் அரசு, தானே 320 மணி நேரத்துக்கு ஒப்பந்தம் போடுவது எந்த வகையில் நியாயம்? அரசின் சொந்தக் காரை ஓட்டுகிறவர் நிலையும் மேலானதன்று. அந்தக் கார் ‘போக்குவரத்து வாகனம்’ என்ற வகைக்குள் வராததால், 91-வது பிரிவின் நிழல்கூட அவர் மீது விழுவதில்லை.

விபத்து நேர்ந்தால் என்ன ஆகிறது? வழக்கு ஓட்டுநர் மீது பதியப்படுகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 106-வது பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. நள்ளிரவு வரை அவரைக் காக்க வைத்து, விடியற்காலையில் மீண்டும் வரச் சொன்ன அதிகாரியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. "இன்னும் வேகமாகப் போ" என்று பின்னாலிருந்து வந்த குரலுக்குச் சாட்சியும் இருக்காது. அதிகாரியிடம் "ஐயா, பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் துணிவு எத்தனை ஓட்டுநர்களுக்கு உண்டு? சொல்லிவிட்டு மறுநாளும் அதே பணியில் நீடிக்கலாம் என்ற உறுதியை எந்த விதி தருகிறது?

மோதுண்டவர் நிலையும் பரிதாபமானது. ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று கூறும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவே, வணிக நோக்கமின்றிப் பயன்படும் மத்திய, மாநில அரசு வாகனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. கருவூலமே காப்பீடு என்பது இதன் தர்க்கம். உதய்பூரில் பழுது நீக்கிய அரசு ஜீப்பைப் பட்டறையிலிருந்து ஆட்சியரின் இல்லத்துக்கு ஓட்டி வந்தவர், நடைபாதையில் சென்றவர் மீது 1952-ல் மோதினார், அவர் இறந்தார். ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு ராஜஸ்தான் அரசு பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1962-ல். பத்து ஆண்டுகள். இழப்பீடு ரூ. 15,000. பொறுப்பு யாருடையது என்பது அன்றே தீர்ந்துவிட்டது. ஆனாலும், காப்பீட்டு நிறுவனம் என்ற இடையாள் இல்லாத நிலையில், அரசையே எதிர்த்து ஏழைக் குடும்பம் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

அடையாளச் சின்னங்களை அகற்றும் மன உறுதி நமது அரசுகளுக்கு இல்லாமல் இல்லை. சிவப்பு சுழல் விளக்கு தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் கடிவாளமிட்டது. 2017 மே 1 முதல் மத்திய அமைச்சரவை அந்த வழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. கார் கூரையிலிருந்த விளக்கு இறங்கிவிட்டது. சாலை விதி தனக்கில்லை என்ற எண்ணம் இறங்கவில்லை.

அதை இறக்கச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 210-பி பிரிவு, இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகார அமைப்பே அதை மீறினால் இரட்டிப்புத் தண்டனை என்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மிக நேர்மையான பிரிவுகளில் ஒன்று இது. இந்த இரட்டிப்பு அபராதம் எத்தனை அரசு வாகனங்களிடம் வசூலிக்கப்பட்டது என்ற கேள்வியை உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டும். சாலை விபத்து ஆண்டறிக்கை வாகன வகையைக் கொண்டு விபத்துகளைப் பிரிக்கிறது; உரிமையாளர் அரசா, தனியாரா என்றும் பிரிக்க வேண்டும். எண்ணப்படாத எதுவும் குறைக்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் அரசு ஊழியர்கள் பணி நிமித்தம் காரில் செல்லும்போது சீட் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கி அதிபர் கிளிண்டன் 1997-ல் ஆணையிட்டார். அரசு வாகனம் ஓட்டும்போது செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது என்று 2009-ல் அதிபர் ஒபாமா ஆணையிட்டார். பொதுச் சட்டம் எல்லோருக்கும் இருக்கும்போதே, தன் ஊழியருக்கு முதலாளி என்ற முறையில் அரசு தனி ஆணை பிறப்பித்தது. இங்கும் அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

ஓட்டுநரின் பணி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் பயணப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் தேவை என்றால் மாற்று ஓட்டுநர் வர வேண்டும்; வாடகை ஒப்பந்தத்திலும் அதுவே நிபந்தனையாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனையும் பயிற்சியும் கட்டாயமாக வேண்டும். காரில் எவரேனும் பெல்ட் அணியாவிட்டால் வண்டியை எடுக்க மறுக்கும் உரிமை ஓட்டுநருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அபராதம் அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கப்பட வேண்டும். அரசு வாகனத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு உடனடி இழப்பீடு வழங்கத் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

அமைச்சர்களின் நேரம் பொன்னானது, பாதுகாப்புக் காரணங்களால் வேகம் தவிர்க்க முடியாதது என்ற வாதம் எழும். காவல்துறை வாகனமும் ஆம்புலன்ஸும் விரைந்து செல்ல வேண்டியவைதான். விரைய வேண்டியவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்பதற்கே அது காரணமாகும். பெல்ட் அணியாமலிருக்கவோ, உறக்கமில்லாதவரை ஓட்ட வைக்கவோ அது காரணமாகாது. திறப்பு விழாவுக்குப் பத்து நிமிடம் தாமதமாகச் சென்ற அமைச்சரை மக்கள் மன்னிப்பார்கள்.

பதினைந்து ஆண்டு ஓடிய இரும்பு களைத்துப்போகும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. பதினைந்து மணி நேரம் விழித்திருந்த மனிதனும் களைத்துப்போவான் என்பதை ஏற்றுக்கொள்ள இன்னும் எத்தனை உயிர்கள் வேண்டும்?