ஜொலோக்கியா சாஸும் எங்க வீட்டு தோசையும்

குவாஹாட்டி வந்து ஆறு வருஷமாச்சு. பையன் தோசைக்கும் பாட்டில் சாஸ்தான் கேக்கறான். தங்கமணி தினம் சண்டை. சண்டை வேலைக்காகாது, நாமே செஞ்சு குடுக்கறதுதான் சரின்னு நான் சொல்றேன். லேபிளைத் திருப்பிப் படிங்க மக்களே, பல பாட்டில்ல மிளகாயைவிட சர்க்கரை முன்னாடி நிக்குது!

2007ல கின்னஸ்ல ஏறுன பூத் ஜொலோக்கியா இங்க சந்தையிலயே கிடைக்குது. அதுல ஒண்ணே ஒண்ணு, கால் கிலோ சிவப்பு மிளகாய், பூண்டு, உப்பு. வினிகர்ல வேகவெச்சு அரைச்சா முடிஞ்சுது. ஜன்னலைத் திறந்து வைங்க, கையுறை போடுங்க. நான் போடலை (அனுபவிச்சேன்). அந்தக் காரம் தண்ணியில கரையாது. நல்லெண்ணெய் தேச்சு, அப்புறம் சோப்பு.

பையன் ஒரு சொட்டு நக்கிட்டு ரெண்டு டம்ளர் மோர் குடிச்சான். மறுநாள் தோசைக்கு அதையே கேட்டான். பாட்டி அனுப்புற மிளகாப்பொடிதான் இன்னும் டப்பாவுல அப்படியே இருக்கு.