பழவேற்காட்டில் ஓலை பின்னக் கற்ற பெண்கள்: சர்டிபிகேட் இருக்கு, சந்தை எங்கே?

பழவேற்காடு–

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர். கும்மிடிப்பூண்டி ரெயிலில் ஏறி பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். பட்டணத்து ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இறால், நண்டு, மடவை என்று பை நிறைய வாங்குகிறார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அதே ஊரில் இன்னொரு சரக்கும் தயாராகிறது. அதற்குத் தூண்டில் வேண்டாம், வலை வேண்டாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை, விசிறி, பொம்மை பின்னுகிறார்கள். நெடுங்காலமாக இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்களின் கைகளில் இருந்து வரும் வேலை இது. சுற்றுக் குப்பங்களில் உள்ள மீனவப் பெண்களும் பயிற்சி வகுப்புகளில் சேர்ந்து கற்றுக்கொள்கிறார்கள்.

கற்றுக்கொள்வதில் குறை இல்லை. கற்ற பிறகு என்ன? அங்கேதான் கதை நின்றுவிடுகிறது.

பாட்டில் பங்கு இல்லை. பாடு மட்டும் உண்டு

பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று குப்பங்களே முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. 'பாடு' முறை என்று அதற்குப் பெயர். சண்டை சச்சரவு இல்லாமல் எல்லோருக்கும் மீன் கிடைக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஏற்படுத்திய நல்ல ஏற்பாடு. ஆனால் மரபுப்படி பாட்டு உரிமை ஆண்களுக்குத்தான். பெண்ணுக்கு அதில் பங்கு கிடையாது. புருஷன் கொண்டுவரும் மீனை விற்பது, கருவாடு போடுவது, ஏரியில் இறங்கி கையால் இறால் தடவுவது, இவைதான் அவள் பங்கு.

அந்த ஏரியும் முன்போல இல்லை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் படகு வெளியே போக முடியாது, மீனும் உள்ளே வராது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வேறு வந்து அடித்தது. கடலை மட்டும் நம்பினால் ஆகாது என்று அதன் பிறகு கடலோர ஊர்களில் பெண்களுக்கு மாற்றுத் தொழில் பயிற்சி கொடுக்க அரசும் தொண்டு நிறுவனங்களும் வந்தன. தையல், ஊறுகாய், ஓலைப் பின்னல் என்று வகுப்பு நடந்தது. போட்டோ எடுத்தார்கள். சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

ஓலை பின்னிச் சம்பாதிக்கும் காசு அந்தப் பெண்ணின் சொந்தக் காசு. அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் இது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் அல்ல.

வகுப்பில் என்ன கஷ்டம்?

ஓலைப் பின்னல் என்றால் லேசு என்று நினைப்பார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

முதிர்ந்த ஓலை உடைந்துவிடும். இளம் குருத்துதான் வேண்டும். அதை வெயிலில் காய வைத்து, ஈர்க்கை எடுத்து, ஒரே அகலத்தில் கீற வேண்டும். சாயம் வேண்டும் என்றால் கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி காய வைக்க வேண்டும். பின்னும்போது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொள்ள வேண்டும். புதிதாகக் கற்பவளுக்கு முதல் நாட்களில் ஓலை விளிம்பு பட்டு விரல் கீறும்.

நேர்ப் பின்னல் சீக்கிரம் வந்துவிடும். மூலை மடக்குவதுதான் முதல் கண்டம். அதைத் தாண்டினால் மூடி. பெட்டிக்கு மூடி சரியாக உட்கார வேண்டும். இறுகினால் திறக்காது, தளர்ந்தால் விழுந்துவிடும். மூடி பொருந்தினால் பாஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கை பழகவே நாள் பிடிக்கும்.

ஆனால் குறுகிய காலப் பயிற்சி வகுப்பு, கை பழகும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. உதவித்தொகையும் அன்றோடு நின்றுவிடும். அதுவரை ஓலை, சாயம் எல்லாம் வகுப்பில் கொடுப்பார்கள். மறுநாள் முதல் சொந்தக் காசில் வாங்க வேண்டும். பனை ஏறிக் குருத்து வெட்ட ஆள் வேண்டும். பனை ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு மரத்தில் கண்டபடி குருத்து வெட்டினால் மரமே போய்விடும். மழைக்காலம் வந்தால் பின்னி வைத்த பெட்டியில் பூசணம் பிடிக்கும்.

இத்தனையும் தாண்டிப் பத்துப் பெட்டி பின்னினால், எடுத்துப் போக யார் வருகிறார்? வியாபாரி வந்தால் அவர் சொன்னதுதான் விலை. இரண்டு மாதம் பார்ப்பாள். மூன்றாம் மாதம் எண்ணூர், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலைக்கு வேன் வருகிறது என்றால் ஏறிப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

அலுமினியப் பாத்திரம் பிறந்த பள்ளிக்கூடம்

கலைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். சென்ட்ரலில் இருந்து எழும்பூர் போகிற வழியில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் சிவப்புக் கட்டிடமாக நிற்கிறது அரசு கவின் கலைக் கல்லூரி. தினம் அந்த வழியாகப் பஸ்சில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி அது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. அன்று அதன் பெயரிலேயே 'தொழிற்கலைப் பள்ளி' என்று இருந்தது. படம் வரைவது மட்டும் அல்ல. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை எல்லாம் அங்கே பாடம்.

அங்கே நடந்த ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி, அந்தப் பள்ளியில் அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். வீட்டில் பித்தளையும் செம்பும் புழங்கிய காலம். சாட்டர்டன் வேலையைச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. விற்கிற சரக்காகச் செய்தார், வாங்குகிறவர்களைத் தேடினார். தொழில் நிலைத்ததும் 1903-ல் ஒரு தனியார் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. இன்று வீட்டுக்கு வீடு கிடக்கிற அலுமினியச் சட்டியின் இந்திய வரலாறு ஒரு கலைப் பள்ளியின் பட்டறையில் ஆரம்பம் ஆனது!

அதே பள்ளியில் இன்னொரு பாடமும் உண்டு. 1960-களில் ஓவியம், சிற்பம் படித்து வெளியே வந்த மாணவர்களுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியவில்லை. வேறு வேலைக்குப் போனால் கை மறந்துவிடும். முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர் யோசித்தார். மாணவர்களும் அவரும் சேர்ந்து பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது. ஓவியம் உலகம் சுற்றியது.

இரண்டு கதையிலும் ஒரே விஷயம்தான். சொல்லிக்கொடுத்தவர்களே விற்கும் வழியையும் பார்த்தார்கள். பழவேற்காட்டில் விட்டுப்போனது அதுதான்.

டெல்லி 18, கோட்டை 35

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. திட்டம் இருக்கிறது. இடைவெளி எங்கே என்றுதான் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு 'பிரதமர் விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். கூடை, பாய் பின்னுவதும், மீன் வலை பின்னுவதும், படகு கட்டுவதும் அதில் உண்டு. 18 வயது ஆனால் போதும். 5 முதல் 7 நாள் அடிப்படைப் பயிற்சி. நாளுக்கு 500 ரூபாய். கருவிகள் வாங்க 15 ஆயிரம். இரண்டு தவணையாக 3 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன். ஆனால் குடும்பம் வழிவழியாகச் செய்கிற தொழிலாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை.

தமிழக அரசு இதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு எழுதியது: குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் திட்டத்தை 'குலக்கல்வி' என்று எதிர்த்து நாடே கிளம்பியது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. மீனவர் வீட்டுப் பிள்ளை 18 வயதில் கடன் வாங்கி வலை பின்ன உட்கார்ந்தால் காலேஜுக்கு யார் போவது என்ற கேள்வி நியாயமானது.

அதன்பின் 2025 ஏப்ரலில் மாநில அரசு 'கலைஞர் கைவினைத் திட்டம்' தொடங்கியது. 25 தொழில்கள். சாதி, குடும்பம் பார்க்கவில்லை. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், மானியத்துக்கு உச்சவரம்பு 50 ஆயிரம், 5 சதவீதம் வரை வட்டிச் சலுகை. நல்ல திட்டம். ஆனால் வயது 35 நிறைந்திருக்க வேண்டும்.

இப்போது குப்பத்துப் பெண்ணைப் பாருங்கள். பிளஸ்-2 முடித்துவிட்டாள். வயது 20. ஓலைப் பின்னலை அம்மாவிடம் கற்கவில்லை, வகுப்பில் கற்றாள். டெல்லித் திட்டம் குடும்பத் தொழிலா என்று கேட்கிறது. கோட்டைத் திட்டம் 15 வருஷம் கழித்து வா என்கிறது. அதுவரை கை சும்மா இருக்குமா? மகளிர் குழுக் கடன் உண்டு. ஆனால் அது குழுவாகச் சேர்ந்து வாங்குகிற கடன். பின்னுகிற பெண்ணுக்கு என்று தனியாக ஏற்பட்டது அல்ல.

படிப்பைக் கெடுக்காமலும் வழி செய்யலாம். பள்ளிப் படிப்பை முடித்தவர், அங்கீகாரம் பெற்ற பயிற்சி முடித்தவர் என்று இரண்டு நிபந்தனை வைத்து வயதைக் குறைத்தால் குலக்கல்விப் பயமும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

மற்ற ஊரில் எப்படி?

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடும் மீனவர் ஊர்தான். அங்கேயும் பனை ஓலைப் பொருள் செய்கிறார்கள். கூட்டுறவாகச் சேர்ந்து செய்வதால் பெயர் நின்றது. செட்டிநாட்டுக் கொட்டானும் பனை ஓலைதான். கல்யாணச் சீரில் வைத்து வந்த கொட்டான் மறையப் போகிற நேரத்தில், காரைக்குடிப் பக்கம் ஒரு அறக்கட்டளை பழைய கொட்டான்களைத் தேடி எடுத்து, அந்த மாதிரியைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து, விற்கவும் வழி செய்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

பழவேற்காட்டுக்கு வேண்டியதும் பெரிய விஷயம் இல்லை. ஓலை, சாயம் நியாய விலைக்குக் கிடைக்க ஒரு டிப்போ. மழைக்காலத்தில் ஈரம் படாமல் வைக்க ஒரு கொட்டகை. புது மாதிரி சொல்லிக்கொடுக்க, கவின் கலைக் கல்லூரி மாணவர்களை வருஷத்துக்கு ஒரு மாதம் அனுப்பினாலும் போதும். அவர்களுக்கும் அது படிப்புத்தான். ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பார்க்கிற இடத்தில் ஒரு கடை. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு வருஷம் ஆர்டர் பிடித்துக்கொடுக்க ஒரு ஆள்.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்றுவது சரி. மரத்தை நம்பிய கையையும் காப்பாற்ற வேண்டாமா?

கடைக்காரர்கள் கவனத்துக்கு

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை. அதற்குப் பதில் என்ன என்று தேடுகிற ஸ்வீட் ஸ்டால்காரர், கல்யாண மண்டபக்காரர், தீபாவளிக்குப் பரிசு கொடுக்கிற ஆபீஸ்காரர் எல்லோருக்கும் பொன்னேரியைத் தாண்டினால் பதில் இருக்கிறது. ஓலைப் பெட்டியில் பலகாரம் வைத்துக் கொடுத்தால் பலகாரம் தீர்ந்த பிறகும் பெட்டி வீட்டில் இருக்கும். ஒரு கடை மாதம் தவறாமல் ஆர்டர் கொடுத்தால் அதை நம்பி ஒரு திண்ணையே பிழைக்கும்.

பழவேற்காட்டின் பெயர் விலை போகாத பெயர் அல்ல. டச்சுக்காரர்கள் இங்கே 1613-ல் ஜெல்டிரியா கோட்டை கட்டி, இந்தப் பக்கத்துத் துணியைக் கப்பல் கப்பலாகக் கிழக்கே கொண்டுபோனார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றுதான் பெயர். நம் ஊர் ஜவுளிக்கடையில் 'பாளையகாட்' லுங்கி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இந்த ஊர்ப் பெயர்தான். நெசவைக் கை கழுவிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஓலைப் பின்னலுக்கு இன்னும் அந்தக் கதி வரவில்லை. பின்னுகிற கை இருக்கிறது. வாங்குகிற கைதான் வேண்டும்.