அடித்தால் நிற்கும், ஓடாது

சேலையூர் தாண்டி அகரம்தென் சாலைப் பக்கம், இன்னும் வீடு எழும்பாத ஒரு மனையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாய்களுக்குத் தடை தாண்டும் வகுப்பு நடக்கிறது. பிவிசி குழாயில் செய்த தாண்டுகம்பிகள், துணிச் சுரங்கம், வரிசையாக நட்ட கம்புகள், ஒரு சீசா. வெயில் ஏறினால் மண் பாதத்தைச் சுடும் என்பதால் விடிந்ததுமே ஆரம்பித்துவிடுகிறார்கள். லேப்ரடார் வந்திருந்தது, பீகிள் வந்திருந்தது, ஒரு சிப்பிப்பாறையும் வந்திருந்தது. ஆனால் எல்லார் கண்ணும் போனது கேம்ப் ரோட்டில் தெருவோரம் பிறந்து ஒரு வீட்டுக்குள் இடம்பிடித்த செவலை நாட்டு நாயின் மேல்தான். இந்தப் பத்திக்கு இது மகிழ்ச்சியான வாரம்.

பூங்கா வாசல்களில் தொங்கும் ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ பலகையைப் பற்றியும், தாம்பரம் வெயிலில் ஹஸ்கி வளர்ப்பவர்களைப் பற்றியும் இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. ஹஸ்கி விஷயத்தில் அரசே பேசிவிட்டது. 2024இல் வெளியான தமிழ்நாடு நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்கிறது. பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது. நாயை ஓடவிட இடமில்லாத புறநகரில், காலி மனை இருக்கும்வரைதான் இந்த வகுப்பு. நாளைக்கு அங்கே அஸ்திவாரம் தோண்டினால் வேறு மனை தேட வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டம் கலையாமலிருக்க ஏதாவது வேண்டும் என்று குழு உறுப்பினர் ஜான் வார்லி நினைத்தார். பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல் குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு ஒன்றை அமைத்துக் கொடுத்தார். இடைவேளை வேடிக்கையாகத் தொடங்கியது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. விதிகள் கறாரானவை. போட்டி நேரத்தில் நாயைக் கயிறு கட்டிப் பிடிக்கக் கூடாது. கூட ஓடுபவர் நாயைத் தொடக் கூடாது, கையில் தின்பண்டமோ பொம்மையோ வைத்திருக்கக் கூடாது. கம்பு வரிசைக்குள் நுழையும்போது முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வர வேண்டும். சாய்பலகையில் ஏறினாலும் இறங்கினாலும் வண்ணம் பூசிய பகுதியில் பாதம் பட வேண்டும். குரல், கைச்சாடை, தோள் திரும்பும் திசை, இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நாயிடம் பேச வேண்டும்.

செவலை சீசாவில் மாட்டிக்கொண்டது. பலகை சாயும் இடம்வரை தைரியமாக ஏறியது. பலகை அசைந்ததும் நான்கு காலையும் அகட்டி, வயிற்றைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடித்து நின்றுவிட்டது. பயிற்சியாளரான இளைஞர் அதை இழுக்கவில்லை. இறக்கிவிட்டுப் பலகையின் இரு முனைக்கும் அடியில் செங்கல்லை அடுக்கினார். இப்போது பலகை ஓர் அங்குலம்தான் ஆடும். நாய் ஒரு பாதத்தை வைத்ததும் கையிலிருந்த கிளிக்கர் ‘டிக்’கென்றது, வேகவைத்த ஈரல் துண்டு வாய்க்குப் போனது. இரண்டு பாதம், டிக், ஈரல். பலகை ஆடியபோதும் நின்றது, டிக், ஈரல். பிறகு செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினார்.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அடியாத மாடு படியாது, தம்பி. ரெண்டு போடு, தானா ஏறும்” என்றார்.

“ஏறும் சார். ஆனா இது ஓடணுமே. அடிச்சா நிக்கும், ஓடாது” என்றார் இளைஞர்.

அதோடு நாய் வகுப்பு பற்றிய செய்தி முடிகிறது. இந்த வாரம் முழுக்க மனதைப் பிடித்துக்கொண்டது அந்தப் பதில்தான். அதைக் கேட்டதும் கேரன் பிரையரின் ‘டோன்ட் ஷூட் தி டாக்’ மேசைக்கு வந்துவிட்டது. அந்தப் புத்தகம் இந்தப் பத்திக்குள் வருவது புதிதல்ல, இன்னும் வரும். 1984இல் வெளியான அந்தப் புத்தகத்தின் தலைப்பில்தான் நாய் அதிகம். உள்ளே பிள்ளைகள், கணவன் மனைவி, முதலாளி, ஊழியர் கதைகளும் நிறைய. பிரையர் 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை கிடையாது. கோபித்துக்கொண்டு கத்தினால் குளத்தின் மறுகரைக்கு நீந்திப் போய்விடும். ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான் அவரிடம் இருந்தன. சரியாகச் செய்த அந்தக் கணத்தில் விசில், அப்புறம் மீன். அடிக்க வழியே இல்லாத இடத்தில் பிறந்த முறை அது.

மாலியா, ஹோ என்ற இரண்டு டால்பின்களைப் பற்றிப் பிரையரும் உடன் உழைத்தவர்களும் 1969இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன் செய்யாத ஒன்றைச் செய்தால் மட்டுமே மீன் என்று வைத்தார்கள். பழைய வித்தைகளைக் காட்டி ஏமாந்த டால்பின்கள், விஷயம் பிடிபட்டதும் யாரும் சொல்லித்தராத குட்டிக்கரணங்களையும் நீச்சல்களையும் தாமாகவே செய்ய ஆரம்பித்தன. தவறினால் அடி விழும் என்ற நினைப்புள்ள எந்த உயிரும் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணியாது.

பிரையர் சொல்லும் இன்னொன்று இதைவிட முக்கியமானது. தண்டனை, தவறு நடந்து முடிந்த பிறகுதான் வருகிறது. எதைச் செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஆனாலும் ஏன் விடாமல் அடிக்கிறார்கள்? அடித்ததும் எதிரே இருப்பது ஒரு நிமிடம் அடங்குகிறது. அந்த அடக்கமே அடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு. பிரம்பைத் தட்டினால் வகுப்பு மௌனமாகிறது. மறுநாளும் கை பிரம்பைத்தான் தேடுகிறது. அங்கே பழக்கப்பட்டுப்போனவர் ஆசிரியர்.

இது நாய்க்கும் டால்பினுக்கும் சரி, மனிதருக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு நியூயார்க்கின் எலும்பு அறுவை மருத்துவர் மார்ட்டின் லெவியைக் காட்டலாம். தன் நாய்களைக் கிளிக்கரால் பழக்கியவர், அதையே மருத்துவ மாணவர்களிடமும் செய்து பார்த்தார். பிரையரும் அந்த ஆய்வில் சேர்ந்துகொண்டார். 2016இல் வெளியான அதில் 12 மாணவர்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுபாதிக்கு அறுவையில் போடும் முடிச்சைச் சிறுசிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சரியாக வந்ததும் ஒரு ‘டிக்’. திட்டும் இல்லை, ‘சபாஷ்’ என்ற புகழ்ச்சியும் இல்லை. இரண்டாவது அணிதான் துல்லியமாகச் செய்தது. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் திசை தெரிகிறது.

நம் பக்கம் சட்டத்துக்குக் குறைவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் சேர்க்கைக் காலத்தில் எந்தப் பள்ளி வாசலில் நின்றாலும், “நல்லா அடிச்சு வளர்க்கணும் சார், நாங்க ஒண்ணும் கேட்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டுப் போகும் ஓர் அப்பாவைப் பார்க்கலாம். அன்பால் சொல்கிறார், தன்னை அப்படி வளர்த்ததால்தான் ஆளானதாக நம்புகிறார். வருத்தம் அதில்தான். வேறு வழி ஒன்று இருப்பதை அவருக்கு யாருமே செய்துகாட்டியதில்லை.

கற்பிப்பவருக்குக் கற்பிப்பது தனி வேலை. விமானப் படை அதற்காகவே பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி ஒன்றை இதே தாம்பரத்தில் நடத்திவருகிறது. நன்றாக ஓட்டத் தெரிந்த விமானியும் அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கப் படித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் பயிற்றுநர் ஆகிறார்.

அமெரிக்காவில் பாப் பெய்லியும் மரியன் பிரெலண்ட் பெய்லியும் நாய்ப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தபோது, நாயைக் கொடுக்காமல் ஆளுக்கொரு கோழியைக் கொடுத்தார்கள். மரியன், உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவி. 1940களிலிருந்தே விலங்குகளைப் பழக்குவதைத் தொழிலாகச் செய்தவர். கோழி மின்னலாக அசையும்; அரை நொடி தாமதமாக ‘டிக்’ அடித்தால் அது வேறொன்றைக் கற்றுக்கொண்டுவிடும். நாயைப்போல நம் முகம் பார்த்து விட்டுக்கொடுக்காது. மிரட்டினால் படபடத்துப் பறந்துவிடும். அன்றைய பாடம் அதோடு சரி. தவறு யாருடையது என்று பயிற்சியாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

1856இல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும், புறநகரில் இருக்கும் பி.எட். கல்லூரிகளும் இதைச் செய்து பார்க்கலாம். கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் என்ற பெயரிலேயே கோழியினம் உருவாக்கியிருக்கிறது, கோழிக்குப் பஞ்சமில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வாரம் போதும். இரண்டு மாணவருக்கு ஒரு கோழி, ஒரு கிளிக்கர், ஒரு கிண்ணம் சோளம். சிவப்பு வட்டத்தைக் கொத்து, நீலத்தைக் கொத்தாதே என்று அந்தக் கோழிக்குப் புரியவைத்துவிட்டு அவர்கள் வகுப்பறைக்குள் நுழையட்டும். மனை தேடும் வேலைகூட இல்லை. கல்லூரி மரத்தடி போதும்.