பைட்டுக்கு எத்தனை பிட்?

"எட்டு"ன்னு யோசிக்காமலே சொல்வீங்க. நானும் அப்படித்தான் எழுதி, செமஸ்டரில் இரண்டு மார்க் வாங்கினேன். இருங்காட்டுக்கோட்டையில் இன்டர்ன்ஷிப் போன இரண்டாவது வாரம், அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு தோணுச்சு.

வேலை சின்னதுதான். மோட்டார் கன்ட்ரோலர் போர்டுக்கு வரும் டேட்டாவைக் கூட்டி ஒரு செக்சம் போடணும். லேப்டாப்பில் சரியாக வந்தது, போர்டில் ஏற்றினால் தப்பு. ஒரு நாள் முழுக்க வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். சாயங்காலம் ஒரு சீனியர் அண்ணா, "தம்பி, இதுல கேரக்டர் எத்தனை பிட்டுன்னு பாத்தியா?" என்றார். பார்த்தேன். 16! கூட்டல் 255-ஐத் தாண்டினால் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்னு நம்பியிருந்தேன். அங்கே அது 65,535 வரை ஏறிக்கிட்டே போகுது.

அந்த சிப், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி28எக்ஸ் வகை. மோட்டார், இன்வெர்ட்டர் வேலைக்கென்றே செய்தது. அதன் மெமரியில் ஒரு அட்ரஸுக்கு 16 பிட். அதைவிடச் சின்னத் துண்டுக்கு அட்ரஸே கிடையாது. சி கம்பைலரை அங்கே கொண்டுபோனவர்கள், ஷிஃப்ட், மாஸ்க் எல்லாம் போட்டு எட்டு பிட்டாக நடிக்க வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கூடுதல் வேலை, ஓட்டம் மெதுவாகும். கேரக்டரே 16 பிட் என்று வைத்துவிட்டார்கள். அதனால் அங்கே இன்ட்டுக்கு சைஸ்ஆஃப் போட்டால் 1 வரும். சி மொழியின் விதி கேட்பது "குறைந்தது எட்டு பிட்" மட்டும்தான். கம்பைலர் மேல் தப்பே இல்லை.

இது புதுசும் இல்லை. கெர்னிகன்–ரிட்சி புத்தகத்தின் 1978 பதிப்பைப் பாருங்க: ஹனிவெல் 6000-இல் கேரக்டர் 9 பிட், இன்ட் 36 பிட். நம்ம ஊர்க் கதையும் இதேதான். மும்பை டிஐஎஃப்ஆரில் கட்டிய டிஃப்ராக் கம்ப்யூட்டரின் வேர்டு 40 பிட். 1964-இல் அங்கே வந்த சிடிசி 3600-க்கு 48 பிட்.

"பைட் என்றால் எட்டுதான்" என்று சி++ விதியிலேயே எழுதிவிடச் சொல்லி 2024-இல் ஒரு முன்மொழிவு வந்தது. லேப்டாப்போடு நிற்பவர்களுக்கு அது நியாயம்தான். நம்மில் எத்தனை பேர் இந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ரோட்டில் வேலைக்கு நிற்கப் போறோம்? "அது ட்ரிபிள்-ஈ பசங்க பிரச்சினை"ன்னு சிஎஸ்இ நண்பர்கள் சொல்வது எனக்கு ஒத்துவரலை. சி லேபின் முதல் புரோகிராம் 'ஹலோ வேர்ல்டு'க்குப் பதிலா, லிமிட்ஸ் ஹெடரில் இருக்கும் கேர்-பிட் மதிப்பை அச்சிடட்டும். லேபில் சி28எக்ஸ் போர்டு ஒன்று இருந்தால் அதிலும் ஓட்டிக் காட்டட்டும்.

என் செக்சமா? கூட்டலுக்கு அப்புறம் 255-ஓடு ஒரு 'ஆண்ட்'. ஒரே வரி.